நாலரை மணிக் குடும்பம்

காணாமல் போன ஏழு வயதுச் சிறுமியின் வழக்கில் சாட்சி அளித்த வாக்குமூலம். வியாழக்கிழமை பிற்பகல் 2.50க்கு எழுதத் தொடங்கப்பட்டது. குழந்தைகள் இருவர் சம்பந்தப்பட்டிருப்பதால் எல்லோருடைய பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதப்பட்டு உறையில் வைக்கப்பட்டுள்ளன.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறேன். குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு வயது மகளுடன் வாடகை வீட்டில் இருக்கிறேன். கணவர் அதே தெருவின் மறுகோடியில் நான்கு மாதங்களாகத் தனியே இருக்கிறார். எங்கள் மணமுறிவு வழக்கு குடும்ப நீதிமன்றத்தில் நடக்கிறது. என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகவே வந்தேன். சிறுமியும் அவள் தந்தையும் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிப் பேருந்தில் அணைக்கட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்பதை 2.40க்குக் காவல் நிலையத்துக்குள் நுழைந்ததுமே ஆய்வாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன். அவர் உடனே ஜீப்பை அனுப்பினார். அது எனக்கு எப்படித் தெரியும் என்பதையும், இரண்டு நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் இனி வரிசையாகச் சொல்கிறேன்.

நானும் கணவரும் குரல் உயர்த்திச் சண்டை போட்டதில்லை. பிரிவதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தோம். கட்டம் போட்ட கால அட்டவணை ஒன்றை நான் தயாரித்தேன். ஞாயிறு மாலை முதல் புதன் நண்பகல் வரை என் வீடு, அதன் பிறகு அவர் வீடு. மகள் மூட்டை தூக்கி அலையக் கூடாது என்று எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கினோம். பல் துலக்கும் பிரஷ், சீப்பு, மேசை விளக்கு, அகராதி, ஒரே நிறத்தில் தலையணை உறை. ஐந்து வாரத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து அட்டவணையை அவளிடம் கொடுத்தோம். அவள் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள், மடித்து மேசை மேல் வைத்தாள். அன்று முதல் அவள் பேசவில்லை. பள்ளியிலும் பேசவில்லை. முதல் இரண்டு வாரம் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள், அதன் பிறகு அதுவும் நின்றது. எங்கள் இருவர் முன்னாலும் சாப்பிடுவதை நிறுத்தினாள். முப்பத்தெட்டு கிலோ இருந்தவள் முப்பத்து நான்கானாள். தொண்டையிலும் காதிலும் குறையில்லை, இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் மருத்துவமனையில் சேர்த்துவிடுவேன், அதற்குள் பிரியும் குடும்பங்களைப் பார்க்கிற நல்ல ஆலோசகர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் என்று குழந்தை மருத்துவர் சொன்னார்.

கணவரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். “உன்னைப் போலத்தானே இருப்பா. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருபது வருஷம் காத்துக்கிட்டு இருந்தவன் நான்” என்றார். இருபது நிமிடம் கழித்து அவரே திரும்ப அழைத்து, நீதிமன்றத்தில் கொடுத்த ஆலோசகர் பட்டியலில் பாதியைத் தனக்கு அனுப்பச் சொன்னார். ஒன்பது பெயர் இருந்தன. எனக்கு ஐந்து, அவருக்கு நான்கு என்று பிரித்துக்கொண்டோம்.

என்னுடைய ஐவரில் முதலாமவர் இறந்து ஓராண்டாகியிருந்தது. அவர் மனைவி தொலைபேசியை எடுத்து, ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மனிதர் வீட்டில் பதினாறு வருடம் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதை அரை மணி நேரம் சொன்னார். நான் தொலைபேசியை வைக்கவில்லை. இரண்டாமவர் தொழிலை விட்டுவிட்டு வீடு, மனை விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். “குடும்பத்தை ஒட்ட வைக்கிறது கஷ்டம் மேடம். ஆனா அந்த வீட்டை விக்கணும்னா சொல்லுங்க, ஒரே வாரத்துல முடிச்சுத் தர்றேன்” என்றார். மூன்றாமவர் மகளைப் பார்க்காமலே, “அம்மாதான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும், பொண்ணு தானாப் பேசும்” என்றார். நான்காமவரின் எண் ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனது. கணவருடைய நால்வரில் ஒருவர் அவருக்கு ஒன்றுவிட்ட மைத்துனர், மற்ற மூவரும் குழந்தைகளைப் பார்ப்பதில்லை. இதை எழுதும் தலைமைக் காவலர் இத்தனை விவரம் வழக்குக்கு வேண்டியதில்லை என்றார். ஒன்பதில் எட்டு இப்படிப் போயிற்று என்பது எழுதப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஐந்தாவது பெயர்தான் இந்த வழக்கில் வரும் ஆலோசகர். அறுபதை நெருங்கும் பெண்மணி. எனக்கு யாரையும் எளிதில் நம்பும் பழக்கம் கிடையாது. அவரிடம் போன மூன்று குடும்பங்களை நானே விசாரித்தேன். மூன்று பேரும் குழந்தையைப் பற்றித்தான் பேசினார்கள், ஆலோசகரைப் பற்றிப் பேசவில்லை. அதனால் நம்பினேன். அவரிடம் முதல் நேரம் கிடைக்க நாலரை மாதம் ஆகும் என்றார்கள். மகளின் எடையை வைத்துக் கணக்குப் பார்த்தால் எங்களுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

அதன் பிறகு நான் செவ்வாய்தோறும் மகளை அழைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். யாராவது வராமல் போனால் அந்த இடத்தைக் கேட்கலாம் என்று எண்ணம். பழைய மாடி வீடு அது. மேலே நான்கு பேர் உட்காரும் பெஞ்சு, ஒரு தண்ணீர் கேன், ஆலோசகரின் கதவு. சுவரில் கடிகாரம் கிடையாது. குழந்தைகள் அதையே பார்த்துக்கொண்டிருப்பதால் எடுத்துவிட்டார்களாம். அலுவலகப் பெண் இரண்டாம் வாரம், “இங்க வந்து உட்கார்ந்தா எடம் கிடைச்சுடுமா மேடம்? இது என்ன பஸ் சீட்டா, துண்டு போட்டு வைக்க?” என்றார். ரத்தாகும் நேரம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குத்தான் போகும், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானாலும் நேரம் போய்விடும், மறுபடி மாதக் கணக்கு என்று விளக்கினார். அங்கே ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கோர்ட்டில் வழக்கு நடக்கும் குடும்பங்களின் பெயர் பெஞ்சில் காத்திருப்பவர் காதில் விழக் கூடாது என்பது ஆலோசகரின் விதி. நேரத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டிலும் நேரம் மட்டுமே இருக்கும், பெயர் கோப்பில் இருக்கும், கோப்பு பூட்டிய அலமாரியில் இருக்கும்.

இந்த வாரம் செவ்வாய், மகள் பேசாமல் முப்பத்தெட்டாவது நாள். அலுவலகப் பெண் விடுப்பில் இருந்தார், பதிவேட்டை வாசல்காரர் கையில் கொடுத்திருந்தார்கள். பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும். 4.30க்கு வாசல்காரர் கதவருகே நின்று, “நாலரை யாரு? நாலரை வாங்க” என்றார். ஒருவரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது என் மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்தேன்.

“நீங்கதானா? கூப்பிட்டா ஏன்னு கேட்கக் கூடாதா?” என்று சொல்லி வாசல்காரர் பதிவேட்டில் நாலரைக்கு நேராக ‘வந்தனர்’ என்று எழுதினார்.

ஆலோசகர் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. “பேரெல்லாம் மெதுவா சொல்லலாம். முதல் நாள் நான் கோப்பைத் தொடறதில்லை. அதுல பெரியவங்க எழுதினதுதான் இருக்கும். குழந்தை சொல்றதுதான் எனக்கு முதல் தகவல்” என்றார். அவர் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இங்கே எழுதச் சொல்ல ஆசையாக இருக்கிறது. அது எனக்குத் தெரியாது. 4.40க்கு என்னை வெளியே போய் உட்காரச் சொன்னார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். 4.42க்குப் படியில் வேகமாக ஏறும் சத்தம் கேட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அது என் வேலைப் பழக்கம். மெலிந்த ஆண் ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு வந்து படி முடியும் இடத்தில் இறக்கிவிட்டார். சிறுமியின் ஒரு செருப்பு வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது. காணவில்லை என்று நீங்கள் வெளியிட்ட படத்தில் இருப்பவள் அவள்தான். வாசல்காரருக்கும் அவருக்கும் நடந்த பேச்சு முழுவதும் என் காதில் விழுந்தது.

“நாலரைங்க. செருப்பு அறுந்துபோச்சு, அதான் லேட்டு.”

“நாலரை உள்ள போயாச்சு சார்.”

“நாங்கதானே நாலரை?”

“அப்ப உள்ள இருக்கிறது யாரு, பேயா? லேட்டா வந்தா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நாளைக்கு ஆபீஸ் அம்மா வருவாங்க, அவங்ககிட்ட கேளுங்க.”

“அண்ணே, நாலு மாசம் காத்திருந்து வாங்கின நேரம்ணே.”

கீழே வண்டி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. வாசல்காரர் இறங்கிப் போனார். அந்த மனிதர் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். சிறுமி கேனில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள், இன்னொரு டம்ளர் பிடித்துத் தந்தைக்குக் கொண்டுவந்தாள். அவர் யாரையோ தொலைபேசியில் அழைத்தார். “நாளைக்குக் கோர்ட்டுல என்னத்தைக் காட்டுவேன்? வந்தேன்னு ஒரு சீட்டுகூட இல்ல. இனிமே என் பொண்ணை என் கண்ணுல காட்ட மாட்டாங்க” என்றார். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. தொலைபேசியை அணைத்து, சட்டைப் பைக்குள் வைக்காமல் பெஞ்சின் மேல் வைத்தார்.

அப்போது மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மகளின் குரல் வந்தது. “எனக்கு ரெண்டு பிரஷ் வேண்டாம்” என்றாள். குரல் கரகரப்பாக இருந்தது. அதன் பிறகு இன்னும் ஏதோ சொன்னாள், அது புரியவில்லை. நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள்.

அந்த நேரத்தில்தான் அவர் என்னைப் பார்த்து, “உங்களுக்கு எத்தனை மணிங்க?” என்று கேட்டார்.

“ஐந்தே முக்கால்” என்றேன்.

“குடுத்துவச்சவங்க” என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை.

சிறுமி, “அப்பா, டாக்டர் ஆன்ட்டி பொம்மையெல்லாம் வச்சிருப்பாங்கன்னு சொன்னீங்களே?” என்று கேட்டாள். “இன்னைக்குப் பொம்மை இல்லையாம் செல்லம். தண்ணி பார்க்கப் போலாமா? பெரிய தண்ணி” என்றார். அதன் பிறகு மறுபடி என்னிடம், அணைக்கட்டுக்கு எந்தப் பேருந்து போகும் என்று கேட்டார். ஆய்வுக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கத் திங்கள்தோறும் அந்தப் பேருந்தில் போகிறவள் நான். பதினாலாம் எண், தெருமுனையில் உள்ள பேருந்து நிலையத்திலேயே நிற்கும், ஐந்து மணிக்குப் புறப்படும் என்று சொன்னேன். அதுதான் கடைசிப் பேருந்து, ஆறேகாலுக்கு மேல் அங்கிருந்து திரும்பி வர ஒன்றுமில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நன்றி சொன்னார். 4.51க்குச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். தொலைபேசியை மறந்துவிட்டுப் போகிறார் என்று நினைத்து நான் அதை எடுத்துக்கொண்டு படிவரை போனேன். சிறுமி திரும்பி வந்து வாங்கிக்கொண்டாள். “தேங்க்ஸ் ஆன்ட்டி” என்றாள்.

நாங்கள் 5.40க்கு வெளியே வந்தோம். குழந்தை வாய் திறந்திருக்கும் சூட்டிலேயே அடுத்த முறை பார்க்க வேண்டும் என்று ஆலோசகர் வியாழன் நாலரைக்கே வரச் சொன்னார். வாசல்காரர் பதிவேட்டில் ‘5.40 சென்றனர்’ என்று எழுதினார். வீட்டுக்கு வரும் வழியில் மகள் என்னிடம் பேசவில்லை. ஆனால் அன்று இரவு உணவை என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள், இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். நான் எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்குக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் சிறுமியின் படம் வந்தது. தந்தையுடன் செவ்வாய் மாலை 5.40க்கு ஆலோசனை மையத்திலிருந்து புறப்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை என்று எழுதியிருந்தது. புதனன்று வாசல்காரருக்கு வார விடுமுறை என்பதும், நீங்கள் தொலைபேசியில் கேட்டபோது அலுவலகப் பெண் பதிவேட்டைப் பார்த்துப் படித்தார் என்பதும், அதை வைத்துப் பேருந்து நிலையத்துக் கேமராவில் 5.40க்குப் பிந்தைய பதிவுகளை மட்டும் பார்த்தீர்கள் என்பதும் எனக்கு இன்றுதான் தெரியும். ஆனால் அந்த 5.40 நான்தான் என்பது படத்தைப் பார்த்த கணத்திலேயே எனக்குத் தெரிந்தது. காவல் நிலையத்து எண்ணை மூன்று முறை அழுத்தினேன். மூன்று முறையும், மறுநாள் நாலரை மணி கழியட்டும், இன்னும் ஒரு முறை அவள் பேசிவிடட்டும் என்று வைத்துவிட்டேன். எப்படியும் திரும்பி வந்துவிடுவார்கள், பெற்ற தகப்பன்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் ஆதாரம் கேட்டிருப்பேன்.

இன்று காலை ஆய்வகத்தில் பதினாறு மாதிரிகளின் முடிவில் நான் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஒரு புட்டியில் எழுதிய நேரமும் பதிவேட்டில் எழுதிய நேரமும் பத்து நிமிடம் வேறுபட்டன. அதைக் கீழே ஊற்றிவிட்டு மறுபடி எடுத்துவரச் சொன்னேன். முப்பது வருடம் வேலை பார்த்த எங்கள் எழுத்தர், “பத்து நிமிஷம்தானே மேடம், தண்ணி என்ன ஓடியா போயிடும்?” என்றார். மதிய உணவு இடைவேளைக்குப் பிறகு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்தேன்.

அணைக்கட்டின் கிழக்குக் கரையில் எங்கள் வாரியத்தின் மாதிரி எடுக்கும் அறை ஒன்று இருக்கிறது, இரவு தங்க அங்கே வேறு கூரை இல்லை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் உடைந்து மூன்று மாதமாகிறது, இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். உட்பக்கத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறது. குழாய்த் தண்ணீர் உண்டு, ஒரு பாய் உண்டு. தண்ணீர்ப் பக்கம் கம்பியில்லாத சன்னல் ஒன்று உண்டு. சன்னலுக்கு நேர் கீழே திங்களன்று ஆழம் பதினோரு மீட்டர்.

இந்த இடத்தில், மாலை 4.05க்கு, ஜீப்பிலிருந்து அழைப்பு வந்ததால் எழுதுவது நிறுத்தப்பட்டது. 4.14க்குத் தொடர்ந்தது.

அறை உள்ளே தாழிடப்பட்டிருக்கிறது என்றும், உள்ளிருந்து ஆணின் குரல் யாரும் கிட்டே வரக் கூடாது என்கிறது என்றும், குழந்தை இருமும் சத்தம் கேட்கிறது என்றும் ஆய்வாளர் என்னிடம் தெரிவித்தார். சன்னல் திறந்திருக்கிறதா என்று கேட்டேன். திறந்திருக்கிறது என்றார். துறையின் உளவியல் அலுவலர் வந்து சேர மூன்று மணி நேரமாகும் என்றார். “அந்த ஆள் யார் பேச்சைக் கேட்பான்? அவன் பொண்டாட்டி பேரைச் சொன்னாலே கத்துறான்மா” என்றார். அந்த மனிதர் நாலு மாதம் காத்திருந்தது ஒரே ஒருவரிடம் பேசுவதற்குத்தான் என்று சொன்னேன். ஆலோசகர் தன் தொலைபேசியை நாலரைக்கு ஐந்து நிமிடம் முன்பு அணைத்துவிடுவார், அதன் பிறகு வாசல்காரர் மூலம்தான் பேச முடியும், இப்போது அங்கே பெஞ்சில் என் மகள் தன் தந்தையுடன் காத்திருப்பாள் என்பதையும் சொன்னேன்.

ஆய்வாளர் 4.19க்கு ஆலோசகரை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, வண்டி அனுப்புகிறேன், போகும் வழியிலேயே அந்த மனிதரிடம் பேச வேண்டும் என்றார். அந்தப் பேச்சும் இதில் எழுதப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஆலோசகர், “நாலரை இங்கதானே இருக்காங்க?” என்றார்.

“இவங்க இல்லம்மா. நெஜமான நாலரை அங்க இருக்காங்க.”

“அப்ப இது யாரு?” என்றார் ஆலோசகர். ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நான் தொலைபேசியருகே குனிந்து, “என் மகள். உங்களிடம் எங்களுக்கு நேரம் கிடையாது. நான்தான் எடுத்துக்கொண்டேன்” என்றேன்.

அவர் ஆய்வாளரிடம் பேசினார். “சார், வண்டியை அனுப்புங்க. ஆனா இந்தப் பொண்ணுகிட்ட சொல்லாம நான் எழுந்து போனா, இது இனி யார்கிட்டயும் பேசாது. ஒரு நிமிஷம்” என்றார். தொலைபேசியை அணைக்காமலே கதவைத் திறந்தார். பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. “என்ன ஆச்சு?” என்று கணவர் கேட்டார். ஆலோசகர் அவருக்குப் பதில் சொல்லாமல், என் மகளிடம் மெதுவாகப் பேசினார். ஒரு சின்னப் பொண்ணு ரெண்டு நாளா ஒரு அறைக்குள்ள இருக்கு, அவ அப்பா கதவைத் திறக்க மாட்டேங்கிறார், அவ வயசு ஏழு, நான் போகணும், உன் நேரத்துல போகணும் என்றார்.

நான் அவள் குரலுக்காகக் காத்திருந்தேன். இந்த அறையில் தலைமைக் காவலரும் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

“அது அவங்க நேரம்தான். எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றாள் என் மகள். அதன் பிறகு, “போங்க. ஓடுங்க” என்றாள்.

4.23க்கு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மேலே உள்ளவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. ஓரிடத்தில் ‘சுமார் 4.40’ என்று எழுதியிருந்ததை அடித்து 4.42 என்று திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. இதில் நான் சொல்லாதது எதுவும் இல்லை, எனக்குச் சாதகமாக எதையும் விடவோ சேர்க்கவோ செய்யவில்லை. அறையின் உட்புறத்தையும் கரையையும் அறிந்தவள் என்பதால் என்னையும் அணைக்கட்டுக்கு அழைத்துப் போகும்படி கேட்டேன். கையெழுத்துப் போட்டதும் வண்டி புறப்படும் என்றார்கள். போடுகிறேன்.

(ஒப்பம்)
வியாழன், மாலை 4.31